நூலகத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் பச்சை, உட்கார ஆளில்லை. என்ன செய்யலாம்?

கடலோர_வாத்தியார்

வணக்கம். ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை போகும் வழியில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. எங்கள் கேம்பஸில் மேற்கே நூலகம், கிழக்கே விடுதி, நடுவில் ஏறக்குறைய இரண்டு ஏக்கர் திறந்தவெளி. வரைபடத்தில் பசுமைப் பூங்கா என்று எழுதியிருக்கிறது. சதுரமாக ஒரு புல்தரை, அதன் நடுவில் தண்ணீர் வராத நீரூற்று, சுற்றிலும் இடுப்பளவு குரோட்டன்ஸ் வேலி, அதற்கு ஒரே ஒரு வாசல், புல் மேல் நடக்கக்கூடாது என்று ஒரு பலகை. ஓரமாக மயில்கொன்றை வரிசை, இரண்டு பெரிய வேம்பு. தென்மேற்கு மூலையில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, நடுவில் சில உடைமரங்கள். இரும்பு பெஞ்சுகள் நாலைந்து உண்டு, எல்லாம் நேர் வெயிலில், உப்புக்காற்றில் துரு ஏறி உட்கார்ந்தால் துணியில் கறை பிடிக்கும்.

பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்றால் நூலகப் படிக்கட்டில், வடக்கே கேன்டீன் பக்கத்துக் குட்டைச் சுவரில், பஸ் ஷெட்டில், பைக் ஸ்டாண்டில் வண்டிகள் மேல். எங்கள் மாணவர்களில் பாதிப் பேருக்கு மேல் சாயல்குடி, ஏர்வாடி, பெரியபட்டினம், தேவிபட்டினம் என்று பஸ் பிடித்து வருகிறவர்கள், வகுப்பு முடிந்தாலும் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி ஒன்றரை மணி நேரம் காத்துக் கிடக்கிறவர்கள், அவர்களுக்கு நிழலில் உட்கார்ந்து படிக்கவோ பேசவோ இடம் இல்லாமல் இரண்டு ஏக்கர் சும்மா கிடப்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கிறது.

இந்த வருஷம் நிர்வாகம் ஐந்து லட்சம் ஒதுக்கியிருக்கிறது. கமிட்டியில் இதுவரை வந்த யோசனை மூன்று. நீரூற்றைக் கலர் விளக்கோடு சரிசெய்வது, புல் கருகிப்போவதால் செயற்கைப் புல் விரிப்பது, கல்லூரிப் பெயரைப் பெரிய எழுத்தில் நிறுத்தி செல்ஃபி மேடை கட்டுவது. எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் எடுபடாது, பதிலுக்கு ஒரு திட்டம் கொண்டு போக வேண்டும். இந்த மண்ணும் காற்றும் தெரிந்தவர்கள், இதுமாதிரி இடத்தை மாற்றியவர்கள், இப்படி ஒரு கல்லூரியில் படித்தவர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

நிழல்கோடு_மதுரை

சார், நான் கட்டடக்கலை படித்துவிட்டு வெளிப்புற வடிவமைப்பு வேலைதான் செய்கிறேன். பணத்தைத் தொடும் முன் ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். உங்கள் திட்ட மாணவர்கள் சிலரிடம் கேம்பஸ் வரைபடத்தின் நகலைக் கொடுத்து, காலை இடைவேளை, மதியச் சாப்பாடு, மூன்று மணி, நாலரை மணி என்று ஒவ்வொரு வேளைக்கும் ஒரு சுற்று வரச் சொல்லி, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்களோ அங்கே புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒரு நிறம், தனியாகவா கூட்டமாகவா என்பதையும் குறிக்கட்டும். கமிட்டியில் அந்தத் தாளை விரித்தால் பாதி வேலை முடிந்தது.

நியூயார்க்கில் வில்லியம் வைட் என்பவர் 1970களில் செய்தது இதைத்தான். பெரிய கட்டடங்களுக்கு முன்னால் விட்டிருந்த திறந்தவெளிகளைக் கேமரா வைத்துப் படம் பிடித்து, ஒன்றில் கூட்டம் மொய்க்கிறது, அடுத்த தெருவில் இருப்பது காலியாகக் கிடக்கிறது, ஏன் என்று உட்கார்ந்து பார்த்தார். இடத்தின் அழகும் பரப்பும் பெரிய வித்தியாசம் செய்யவில்லை, உட்கார எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான் செய்தது. அவர் சொன்னதை ஏற்று அந்த நகரம் 1975இல் கட்டட விதியையே திருத்தி, இப்படி விடும் திறந்தவெளிகளில் இருக்கை கட்டாயம் என்று சேர்த்தது. நன்றாகப் பயன்படும் இடங்களில் பெண்களின் பங்கு கூடுதலாக இருக்கும் என்பதும் அவர் கவனித்ததுதான், பெண்கள் வராமல் போனால் அங்கே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். புள்ளிக்கு இரண்டு நிறம் கேட்டது அதற்காகத்தான்.

அதே நகரத்தில் பிரையன்ட் பார்க் என்று ஒரு பூங்கா. அதுவும் ஒரு பெரிய நூலகத்தின் பின்பக்கம்தான். தெருவை விட உயரத்தில், வேலியும் சுவரும் மறைத்துக்கொண்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாமல் இருந்தது. 1970களில் போதை மருந்து விற்பவர்கள் கைக்குப் போய்விட்டது. பிறகு வேலிச் செடிகளை எடுத்தார்கள், வாசல்களைக் கூட்டி அகலப்படுத்தினார்கள், சாப்பாட்டுக் கடையும் சுத்தமான கழிப்பறையும் கொண்டுவந்தார்கள், கையால் தூக்கி நகர்த்தும் நாற்காலிகளைப் போட்டார்கள். 1992இல் மறுபடி திறந்ததிலிருந்து மதிய வேளையில் ஆட்கள் நிறைந்திருக்கிறார்கள். உங்கள் குரோட்டன்ஸ் வேலியும் ஒற்றை வாசலும் செய்கிற வேலை அந்தப் பழைய வேலி செய்த வேலைதான். அதை எடுக்கப் பெரிய செலவும் ஆகாது.

அடுத்தது வழி. விடுதியிலிருந்து நூலகத்துக்கும், நூலகத்திலிருந்து பஸ் ஷெட்டுக்கும் பிள்ளைகள் சுற்றித்தானே போகிறார்கள்? வேலியை எடுத்துவிட்டு ஒரு மாதம் சும்மா விடுங்கள். புல்லில் அவர்களாகவே ஒற்றையடிப் பாதை போடுவார்கள். அந்தத் தடத்தின் மேலேயே கல் பாவுங்கள், நேர்கோட்டில் அழகாகப் போட வேண்டும் என்று பார்க்காதீர்கள். பூங்காவுக்குப் போகிறேன் என்று யாரும் கிளம்பி வர மாட்டார்கள். வழியில் இருந்தால் நிற்பார்கள், நின்றவர் உட்காருவார், ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அடுத்தவர் வருவார்.

நிழலைப் பற்றி ஒரு விஷயம், இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ராமநாதபுரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகை சொச்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறக்கும்போது உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அதிலிருந்து ஆவணி நடுப்பகுதி வரை நண்பகலில் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கும். அதாவது கோடையில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குச் சுவர் நிழல் எதற்கும் உதவாது, தலைக்கு மேலே கூரையோ மரக்கிளையோ இருந்தால்தான் நிழல். ஆனால் மூன்று மணிக்கு மேல் கதை வேறு. உங்கள் நூலகம் மேற்கே இருப்பதால் அதன் நிழல் அப்படியே கிழக்கே சாய்ந்து பூங்காவின் மேற்கு ஓரம் முழுக்க விழும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரமும் அதுதான். எனவே முதல் இருக்கை வரிசை நூலகத்தின் கிழக்குச் சுவரை ஒட்டி வர வேண்டும், மரம் வளரும் வரை காத்திருக்கவே வேண்டாம்.

இருக்கை என்றால் இரும்பு வேண்டாம். கருங்கல் பலகையோ செங்கல் திண்ணையோ போதும். ஒன்றரை அடி உயரம், மூன்றடி அகலம். மூன்றடி இருந்தால் இரண்டு பக்கமும் முதுகு இடிக்காமல் உட்காரலாம், சம்மணம் போட்டுப் படிக்கலாம், பையை வைக்கலாம். நேர்வரிசையாகப் போட்டால் பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரி ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், நாலு பேர் முகம் பார்த்துப் பேசுகிற மாதிரி மடக்கிக் கட்டுங்கள்.

சாயல்குடி_பஸ்

செயற்கைப் புல் பற்றி மட்டும். நான் வேலை செய்யும் இடத்தில் விளையாட்டுத் தரைக்குப் போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் விளையாட நன்றாகத்தான் இருக்கிறது. பகலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. இயற்கைப் புல் நீரை ஆவியாக விட்டுச் சூட்டைத் தணிக்கும், பிளாஸ்டிக்குக்கு அது கிடையாது, நல்ல வெயிலில் 60 டிகிரியைத் தாண்டும். நம் ஊர் வெயிலில் அதை உட்கார விரிப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்கு. தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஏர்வாடிப்_பொண்ணு

நான் இதே மாவட்டத்தில் வேறொரு கல்லூரியில் படித்தவள். எங்களுக்கும் இப்படி ஒரு பூங்கா இருந்தது, படித்த காலம் முழுக்க நானும் என் தோழிகளும் அதற்குள் உட்கார்ந்ததே இல்லை. ஏன் என்று யாரும் எங்களைக் கேட்டதும் இல்லை, அதனால் இங்கே விரிவாகவே சொல்கிறேன் சார்.

ஒரே வாசல் என்றால் அந்த வாசலில் நாலு பையன்கள் நின்றாலே நாங்கள் திரும்பிவிடுவோம். அவர்கள் எதுவும் சொல்ல வேண்டும் என்றில்லை. உள்ளே போய் உட்கார்ந்த பிறகு வேறு வழியாக வெளியே வர முடியாது என்ற நினைப்பே போதும். வேலி இடுப்பளவு என்கிறீர்கள், உட்கார்ந்தால் அது தலைக்கு மேல். வெளியே போகிறவருக்கு நாங்கள் தெரிய மாட்டோம், எங்களுக்கும் வெளியே தெரியாது. நூலகப் படிக்கட்டில் ஏன் அத்தனை பேர் உட்காருகிறார்கள் என்றால் அங்கே ஆட்கள் போய்வந்துகொண்டே இருப்பார்கள், வெளிச்சம் இருக்கும், தண்ணீரும் கழிப்பறையும் பக்கத்தில் இருக்கும். பஸ் வருவதும் தெரியும். இது எல்லாம் பூங்காவுக்குள் கிடைத்தால் நாங்கள் ஏன் படிக்கட்டில் உட்காரப் போகிறோம்?

அப்புறம் வாட்ச்மேன். மூன்று பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்தால் அஞ்சு நிமிஷத்தில் வந்து இங்கே என்ன வேலை, வகுப்பு இல்லையா, அடையாள அட்டை எங்கே என்பார். ஒரு பையனும் பொண்ணும் பக்கத்தில் உட்கார்ந்து புராஜெக்ட் பேசினால் துறைத் தலைவர் வரை போகும். அந்த மனுஷரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு மேலே இருப்பவர்கள் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறார்கள். நீங்கள் எவ்வளவு அழகாகத் திண்ணை கட்டினாலும், உட்கார்ந்தவரை எழுப்பிவிடும் பழக்கம் இருந்தால் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். இதை எழுத்தில் வாங்குங்கள். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை எந்த மாணவரும் இங்கே இருக்கலாம், யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்று முதல்வர் கையெழுத்தோடு.

செல்ஃபி மேடை நடுவில் வேண்டவே வேண்டாம் சார். அங்கே எப்போதும் யாராவது போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அத்தனை பேரும் யாரோ ஒருவருடைய வீடியோவில் விழுவார்கள். எங்கள் ஊரில் வீட்டில் அது தெரிந்தால் படிப்பே நின்றுபோன பெண்கள் உண்டு. அப்படி ஒரு மேடை வைத்தால் அந்தப் பக்கமே பெண்கள் வர மாட்டார்கள். கட்டாயம் வேண்டும் என்றால் முன் வாசலில் சாலையைப் பார்த்து வையுங்கள்.

இன்னொன்று, தனியாக உட்கார ஒன்றிரண்டு இடம் வையுங்கள். எல்லாமே கூட்டத்துக்கு என்று கட்டினால் தனியாக வருகிற பெண்ணுக்கு இடம் இருக்காது. போன் சார்ஜ் போட இரண்டு மூன்று பிளக் பாயின்ட், மழை படாத மாதிரி நூலகச் சுவரில் வைத்தால் போதும். வீட்டுக்குப் போய்ச் சேரும் வரை போனில் சார்ஜ் இருக்கிறதா என்பது பஸ்ஸில் போகிற பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று வண்டியில் வருகிறவர்களுக்குத் தெரியாது.

போத்துக்காரர்_உச்சிப்புளி

வாத்தியார் சாருக்கு வணக்கம். எங்களுக்கு நாற்றங்கால் தொழில், அப்பா காலத்திலிருந்து. மரத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், மற்றதை மேலே தம்பியும் தங்கச்சியும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள்.

மயில்கொன்றை நம் கடற்கரைக்குச் சரிவராது. கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும்போது கிளை முறியும், நிழல் தேவைப்படும் கோடையில் இலையைக் கொட்டிவிடும். இருப்பதை வெட்ட வேண்டாம், ஆனால் அதன் அடியில் இருக்கை போடாதீர்கள். தென்னைக்கு அடியிலும் கூடாது, காய் விழும். பனை நம் மண்ணின் மரம், வெட்டுவதற்கே கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு சொல்லிவிட்டது, அதை ஓரத்தில் வரிசையாக வையுங்கள், ஆனால் உட்காரும் நிழல் அதில் கிடைக்காது, காவோலையும் விழும்.

உட்கார நிழல் என்றால் பூவரசும் புன்னையும்தான். இரண்டும் உப்பையும் காற்றையும் தாங்கிப் பிறந்தவை. பூவரசைப் போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி நட்டால் போதும், ஒரு மழைக்காலத்தில் பிடித்துக்கொள்ளும், மூன்று நாலு வருஷத்தில் அடியில் நாலு பேர் உட்காரலாம். புன்னை மெதுவாக வரும், ஆனால் வந்துவிட்டால் வருஷம் முழுக்க இலை உதிராத அடர்ந்த நிழல், பேரன் காலம் வரை நிற்கும். கூடவே நாட்டு வாதுமை சில வையுங்கள், கிளை தட்டுத் தட்டாகப் படுக்கையாகப் போகும், பந்தல் போட்ட மாதிரி இருக்கும். புங்கையும் நல்ல நிழல்தான், மாசி வாக்கில் இலை கொட்டிச் சீக்கிரமே துளிர்த்துவிடும். இருக்கிற இரண்டு வேம்பையும் கண்ணாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இன்றைக்கு உங்களிடம் இருக்கும் தயார் நிழல் அதுதான்.

வேம்பைச் சுற்றித் திண்ணை கட்டுவார்கள், அதில் கவனம். அடிமரத்தை ஒட்டி சிமென்ட் பூசிவிட்டால் தண்ணீரும் காற்றும் வேருக்குப் போகாது, தூர் அழுகும், பத்து வருஷத்தில் மரம் பட்டுவிடும். மரத்திலிருந்து மூன்று நாலு அடி தள்ளி வளையமாகக் கட்டி நடுவில் மண்ணாகவே விடுங்கள். ஏற்கெனவே இருக்கும் மண் மட்டத்துக்கு மேல் மண்ணைக் கொட்டி உயர்த்தாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம், அந்தத் தென்மேற்கு மூலை. சீமைக்கருவேலத்தை எடுக்க வேண்டும், சரி, ஆனால் ஒரே நாளில் ஜேசிபி விட்டு வழித்தெடுக்காதீர்கள். ஆனி, ஆடியில் கச்சான் அந்தத் திசையிலிருந்துதான் வருகிறது, இப்போது மணலையும் காற்றையும் தடுத்துக்கொண்டிருப்பது அந்தக் கருவேலம்தான். அதை எடுத்தால் புதுக் கன்றுகள் கருகிவிடும், உட்கார்ந்திருக்கிறவர் கண்ணில் மண் விழும். முதலில் உள்பக்கம் இரண்டு வரிசை சவுக்கு, அதற்குள்ளே பூவரசு நடுங்கள். அது ஆள் உயரம் தாண்டிய பிறகு கருவேலத்தைப் பகுதி பகுதியாக, தூரோடு தோண்டி எடுங்கள், தூர் இருந்தால் மறுபடி துளிர்க்கும். காற்றுக்கு மதில் கட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். கட்டினால் மதிலைத் தாண்டி விழும் காற்று சுழன்று மணலை வாரி அடிக்கும். பாதிக் காற்றை உள்ளே விட்டுப் பாதியைத் தடுக்கிற மர வரிசைதான் நல்லது, அதன் உயரத்தைப் போல எட்டு பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றின் வேகம் குறையும்.

தண்ணீர். உங்கள் போர் தண்ணீர் உப்பா? அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் அப்படித்தான். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீர் மேல் மெல்லிசாக மிதந்து நிற்கும். ஆழமாகப் போர் போட்டு மோட்டாரால் உறிஞ்சினால் உப்பு மேலே ஏறிவிடும். நம் ஊர்ப் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்குச்சியால் மொண்டு எடுப்பது அந்த மேல் தண்ணீரைத்தான். அதனால் நூலகக் கூரைத் தண்ணீரை விட்டுவிடாதீர்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் வரும். நமக்குப் பெரிய மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான், அதைப் பள்ளமான இடத்தில் ஒரு சின்ன ஊருணி வெட்டி இறக்கிவிட்டால் தை, மாசி வரை கன்றுகளுக்குத் தாங்கும்.

புல்தரையை மறந்துவிடுங்கள். பொடுதலையும் அருகும் இந்த மண்ணில் தானாகவே பரவும், உப்பைத் தாங்கும், மிதித்தாலும் சாகாது.

கடலோர_வாத்தியார்

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஏர்வாடித் தங்கச்சி எழுதியதை அப்படியே அச்செடுத்துக் கமிட்டியில் படிக்கப் போகிறேன், அனுமதி தர வேண்டும்.

சில சந்தேகங்கள். போர் தண்ணீர் உப்புதான். குடிக்க ஆர்ஓ வைத்திருக்கிறோம், அதில் கழியும் தண்ணீர் நிறைய ஓடுகிறது, அதைச் செடிக்கு விடலாமா? இரண்டாவது, முதல்வர் தரப்பில் இருக்கும் பயம் உண்மையானது. இடத்தைத் திறந்துவிட்டால் வெளியாட்கள் வருவார்கள், பிள்ளைகள் வகுப்புக்குப் போக மாட்டார்கள் என்கிறார்கள். மூன்றாவது, போன தடவை நட்ட கன்றுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அலுவலகத்_தம்பி

நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறேன், இந்தப் பக்கம் இருந்து பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கன்று ஏன் சாகிறது என்றால் மே மாத விடுமுறை. ஜூனில் சுற்றுச்சூழல் தினத்துக்கு நடுகிறோம், போட்டோ எடுக்கிறோம், ஒரு மாதத்தில் கச்சான் காற்று, மழை கிடையாது. அதைத் தாண்டியதும் அடுத்த மே மாதம் கேம்பஸில் ஆள் கிடையாது. ஆடு ஒன்று உள்ளே வந்தால் ஒரே மத்தியானத்தில் வரிசையையே முடித்துவிடும். அதனால் நடும் செலவில் பாதியைத் தண்ணீர் ஊற்றும் ஆளுக்கு என்று எழுதி வாங்குங்கள், இரண்டு வருஷத்துக்கு, விடுமுறை மாதம் உட்பட. ஒவ்வொரு கன்றுக்கும் கூண்டு. கன்றுக்குப் பக்கத்தில் மண்பானையைப் புதைத்து நிரப்பி வைத்தால் தினமும் ஊற்ற வேண்டியதில்லை, கசிந்து கசிந்து வேருக்குப் போகும். எண்ணிக்கையைக் குறையுங்கள். முப்பது கன்று பிழைத்தால் அந்த இரண்டு ஏக்கருக்கு அது போதும்.

ஆர்ஓ கழிவுத் தண்ணீர் கூடவே கூடாது. போர் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் அதில்தான் திரண்டு இருக்கிறது, தினமும் விட்டால் மண்ணே கெட்டுவிடும். அதைக் கழிப்பறைக்குத் திருப்புங்கள். விடுதியில் கை கழுவும் தண்ணீர் பரவாயில்லை, கல்வாழைப் பாத்தி வழியாக விட்டு எடுக்கலாம்.

முதல்வரின் பயத்துக்கு வருகிறேன். வெளியாள் வருவதும் வராததும் வெளி மதில் விஷயம், உள்ளே இருக்கும் குரோட்டன்ஸ் வேலி எந்தத் திருடனையும் நிறுத்தாது. மறைவு போய் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடமாக ஆனால் அவர் பயப்படுகிற காரியங்கள்தான் முதலில் குறையும், அதை அவரிடம் இப்படியே சொல்லுங்கள். மொத்தமாக அனுமதி கேட்காமல் ஒரு மாதச் சோதனை என்று கேளுங்கள். ஆடிட்டோரியத்தில் அடுக்கிக் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாற்பதை எடுத்துப் போடுங்கள், வேப்ப மரங்களுக்கு நடுவில் தென்னங்கிடுகுப் பந்தல் ஒன்று, கேன்டீன்காரரிடம் பேசி டீயும் சுண்டலும் மூன்று மணிக்கு அங்கே கொண்டுவரச் சொல்லுங்கள். நாற்காலியை யார் எங்கே இழுத்துப் போடுகிறார்கள் என்று பாருங்கள், கல் திண்ணை எங்கே கட்ட வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். செலவு ஐந்து லட்சத்தில் ஒரு துளி. அந்த மாதத்துக்குப் பிறகு இடத்தை மறுபடி மூடச் சொல்ல எந்த முதல்வருக்கும் மனசு வராது.

உடைமரக்_குருவி

எல்லோரும் ஆட்களை உள்ளே கொண்டுவருவதைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நான் விலங்கியல் மாணவி. இரண்டு ஏக்கரிலும் ஆள் நடமாட வேண்டுமா?

அந்தத் தென்மேற்கு மூலையில் உடைமரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குடை விரித்த மாதிரி இருக்குமே அதுவா? அது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் இருக்கும் மரம், நம் மாவட்டக் கடற்கரைக்கே அடையாளம். கருவேலம் என்று நினைத்து ஆட்கள் அதையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள், இரண்டிலும் முள் இருப்பதால். தயவுசெய்து முதலில் உடைமரம் ஒவ்வொன்றுக்கும் பெயின்ட் அடித்து அடையாளம் வையுங்கள். அந்த மாதிரி மூலைகளில்தான் செம்போத்தும் தவிட்டுக்குருவியும் கூடு வைக்கும், பஞ்சுருட்டான் முள்கிளையில் உட்கார்ந்து தும்பியைப் பிடிக்கும், கொண்டலாத்தி தரையில் கொத்திக்கொண்டு திரியும். எருக்கஞ்செடி இருந்தால் அதையும் களை என்று பிடுங்காதீர்கள், வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது அதில்தான்.

அரை ஏக்கரை அப்படியே விடுங்கள். அதற்குள் பாதை வேண்டாம், விளக்கு வேண்டாம். ஓரத்தில் ஒரு திண்ணை மட்டும், அந்தப் பக்கம் பார்த்து. எல்லோருக்கும் பேச்சுத் துணை வேண்டும் என்பதில்லை, சும்மா பார்த்துக்கொண்டு உட்கார ஒரு இடம் வேண்டும் என்று நினைக்கிறவர்களும் விடுதியில் இருக்கிறோம்.

நிழல்கோடு_மதுரை

குருவி சொல்வதை முழுமனதாக ஏற்கிறேன், என் படத்தில் அந்த மூலையை நான் யோசிக்கவே இல்லை. காற்றுத் தடுப்பு வரிசைக்கு அந்தப் பக்கம் காடு, இந்தப் பக்கம் ஆட்கள் என்று பிரித்துவிடலாம். பாம்பு பயம் என்று கட்டாயம் பேச்சு வரும். உட்காரும் பக்கத்தில் புதர் இல்லாமல் பத்தடி வெறும் தரையாக, சருகு பெருக்கி வைத்தால் போதும்.

நீரூற்றை இடிக்க வேண்டாம் சார். தொட்டியின் விளிம்பு ஒன்றரை அடி உயரம் இருந்தால் அதுவே வட்டத் திண்ணை. அடியில் இருக்கும் சிமென்ட் தரையை முழுக்க உடைத்து எடுத்துவிட்டு, நல்ல மண் நிரப்பி நடுவில் ஒரு புன்னை வையுங்கள். மரம் நிழல் தரும் வரை மேலே கிடுகுப் பந்தல் இருக்கட்டும். நீரூற்றுக்குச் செலவழித்தவர் யாராவது கமிட்டியில் இருந்தால் அவருக்கும் வருத்தம் இருக்காது.

ஏர்வாடிப்_பொண்ணு

படியுங்கள் சார், பெயர் வேண்டாம், அவ்வளவுதான். இன்னொரு வேண்டுகோள். கமிட்டியில் மாணவிகள் இரண்டு பேராவது உட்காரட்டும், ஒருத்தி விடுதிப் பெண், ஒருத்தி பஸ்ஸில் வருகிறவள். இரண்டு பேருக்கும் தேவை வேறு வேறு. விடுதிப் பெண்ணுக்கு மாலை ஆறு மணிக்கு மேல் வெளிச்சம் வேண்டும், பஸ் பெண்ணுக்கு மூன்று மணிக்கு நிழல் வேண்டும்.

கடலோர_வாத்தியார்

சரி, இன்றைக்கு முதல்வரிடம் பேசினேன். எண்ணிப் பார்க்கும் வேலைக்கும் ஒரு மாத நாற்காலிச் சோதனைக்கும் சம்மதித்துவிட்டார். வேலியில் இப்போதைக்கு நூலகப் பக்கமும் பஸ் ஷெட் பக்கமும் வெட்டித் திறக்கலாம் என்றார், மீதியைச் சோதனை முடிந்ததும் பார்க்கலாமாம். செயற்கைப் புல் தள்ளிவைக்கப்பட்டது. செல்ஃபி மேடை முன் வாசலுக்குப் போகிறது. மாணவிகள் இரண்டு பேரைக் கமிட்டியில் சேர்க்க நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை, விடப்போவதில்லை.

உச்சிப்புளி அண்ணனுக்கு ஒரு கேள்வி. பூவரசம் போத்தை எப்போது, எப்படி நட வேண்டும்? எங்கள் பிள்ளைகளே செய்யட்டும் என்று நினைக்கிறேன்.

போத்துக்காரர்_உச்சிப்புளி

ஐப்பசியில் முதல் நல்ல மழை இறங்கி மண் ஊறிய பிறகு நடுங்கள் சார், ஜூனில் வேண்டவே வேண்டாம். மணிக்கட்டுப் பருமனில், ஆறு ஏழு அடி நீளத்தில், பட்டை உரியாமல் வெட்ட வேண்டும். அடிப்பக்கம் சாய்வாக வெட்டி, இரண்டடிக் குழியில் மக்கிய சாணமும் கரம்பை மண்ணும் கலந்து போட்டு இறுக்கி மிதியுங்கள், காற்றில் ஆடினால் வேர் விடாது. மேல் நுனி காயாமல் இருக்கப் பச்சைச் சாணியை உருண்டை பிடித்து அப்பிவிடுங்கள். தலைகீழாக நட்டுவிடாமல் பார்க்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் அவசரத்தில் செய்வார்கள், கணு மேல் நோக்கி இருக்க வேண்டும். வரிசைக்கு வரிசை பதினைந்து அடி விடுங்கள்.

போத்து எங்கள் வேலியிலேயே இருக்கிறது, விலை வேண்டாம். வெட்டி ரெண்டு நாளுக்குள் நட்டாக வேண்டும், அதனால் குழி எல்லாம் தோண்டி முடித்த பிறகு சொல்லிவிட்டு வண்டியோடு வாருங்கள்.